வீட்டில் எதற்கு உளி?

மோர் புளிக்கவில்லை ஐயா, தைரியமாகக் குடிக்கலாம். காலையில்தான் கடைந்தது. சொம்பை அப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். அதில் வெட்டியிருக்கிற பேர் என்னுடையதுதான். தாட்சாயிணி. பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த பாத்திரம் அது ஒன்றுதான். அதனால்தான் வருகிறவர்களுக்கெல்லாம் அதில் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சின்ன ஆசை.

பக்கத்து வீட்டு வடிவைச் சாவடியில் உட்கார வைத்துவிட்டு, அவள் வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் திறந்து வைத்துக் கேட்கிறீர்கள். "ஏம்மா, குடும்பம் நடத்துகிற வீட்டில் உளியும் பஞ்ச்சும் வைத்திருக்கிற வழக்கம் உண்டா?" உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் இதே பெட்டியை இதே இடத்தில் வைத்து இதே கேள்வியைக் கேட்டார். அப்போது வடிவின் புருஷன் மணவாளன் உயிரோடு இருந்தான். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். உங்களுக்கு அவசரம் இல்லையே?

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருவில் விசாரித்திருப்பீர்கள். தாட்சாயிணிக்கு மூக்கு நீளம் என்று எதிர்வீட்டு நாகம்மாள் சொல்லியிருப்பாள். அவள் மூக்கு மட்டும் அளவாகவா இருக்கிறது? அதோ கதவுக்குப் பின்னால் முறத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள், புடைக்கிற சத்தமே வரவில்லை. இந்தப் பருத்திப்பட்டில் யார் வீட்டில் என்ன கொதிக்கிறது, யார் வீட்டில் எதுவும் கொதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை நாலு பேரிடம் சொல்வேன். இல்லாததைச் சொல்ல மாட்டேன். அது என் வழக்கம். பொய் சொல்கிற வாய் இல்லை இது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணவாளனுக்கு ஏரிக்கு மேற்கே கொஞ்சம் நிலம் இருந்தது. யுத்தம் வந்ததும் ஆவடியில் பட்டாளத்துக்காரன் கொட்டகை போட இடம் எடுத்தானே, அதில் அதுவும் போயிற்று. மற்றவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இவன் நிலத்தை எடுத்துக்கொண்டவனிடமே போய் வேலை கேட்டு, லாரி பழுது பார்க்கிற பட்டறையில் சேர்ந்துகொண்டான். கெட்டிக்காரன். அங்கே கற்றுக்கொண்டதை வீட்டிலும் செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். மூர் மார்க்கெட்டில் பழைய இரும்பு விற்கிறவர்களிடம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, கள்ளிப்பலகையில் தானே ஒரு பெட்டி அடித்து, நெல் குதிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். இந்தப் பெட்டிதான்.

சுத்தி, குறடு, அரம், ரம்பம். இதெல்லாம் எங்கள் வீடுகளிலும் ஒன்றிரண்டு கிடக்கும். அதற்குக் கீழே பாருங்கள், உளி. தடியாக, ஒல்லியாக, தட்டையாக எத்தனை தினுசு. அப்புறம் இந்தக் குட்டை இரும்பு, கட்டை விரல் மாதிரி இருப்பது. இதற்குத்தான் பஞ்ச் என்று பேர். நுனியைத் தகட்டில் வைத்துத் தலையில் ஒரு தட்டு தட்டினால் கடுகு மாதிரி ஒரு புள்ளி விழும். புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் எழுத்து. அப்படித்தான் பாத்திரத்தில் பேர் வெட்டுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தெருப் பெண்கள் குடத்தையும் தவலையையும் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வரிசை கட்டுவார்கள். கூலி வாங்க மாட்டான். யாராவது முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தால் வடிவு வாங்கிக்கொள்வாள். இந்தச் சொம்பில் என் பேரை வெட்டினவனும் அவன்தான். "அக்கா, உன் பேரு நீளம். சொம்பு பத்துமான்னு தெரியல" என்று சிரித்துக்கொண்டே வெட்டினான். பத்தியது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

நான் என் புருஷன் வரதனுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் முத்தம்மாள், பூங்காவனம் என்று ஒரு பெண்ணைப் பெற்றுக் கொடுத்துவிட்டு விஷ ஜுரத்தில் போய்விட்டாள். மகராசி வசதியான வீட்டிலிருந்து வந்தவள். சீர்ப் பாத்திரமே ஒரு வண்டி வந்ததாம். நான் வந்த காலத்தில் மிஞ்சியிருந்தது இரண்டு குடம், ஒரு தவலை, ஒரு வெண்கலப் பானை, ஒரு சொம்பு. ஒவ்வொன்றிலும் முத்தம்மாள், முத்தம்மாள், முத்தம்மாள்.

உங்கள் வீட்டு அம்மாவைக் கேட்டுப் பாருங்கள் ஐயா. புளி போட்டுப் பாத்திரம் தேய்க்கும்போது அந்தப் புள்ளிகள் விரலில் இடறும். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாலும் பேர் தெரியும். குடத்தை இடுப்பில் வைத்தால் பேர் இடுப்பில் பதியும். பானையைத் துடைத்துக் கவிழ்த்தால் அவள் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் இத்தனை வருஷம் அவளைத்தான் தினமும் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். அதற்காக அவள் மேல் எனக்கு வன்மம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். செத்தவளோடு என்ன சண்டை?

பூங்காவனத்துக்குக் குத்தம்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. அன்றைக்கு வரதன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "அவுங்க அம்மா சாமான் எல்லாம் அதுக்குத்தான். தேச்சி வெச்சிடு." நியாயம்தான். அம்மாவின் சீர் பெண்ணுக்குப் போவது உலக வழக்கம். ஆனால் யுத்தக் காலம். பித்தளை கடையில் கண்ணில் படவில்லை. அந்தப் பாத்திரம் போனால் என் அடுப்பில் மண்சட்டிதான். என் இடுப்பில் மண்குடம்தான். கிணற்றடிக்கு மண்குடத்தோடு போய் நின்றால் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானே மற்றவர்களைச் சொன்னதுதானே.

பாத்திரம் யாருடையது என்றால் அதில் இருக்கிற பேர்தான் சாட்சி. அந்தப் பேர் தேய்ந்து போயிருந்தால், அங்கே வேறு பேர் இருந்தால், கொஞ்சம் வாதாடிப் பார்க்கலாம். இதுதான் என் யோசனை. ஒரு மத்தியானம் மணவாளன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது போய்க் கேட்டேன்.

"தம்பி, எங்க ஊட்டு சாமான்ல பழைய பேரு கீதே, அத அழிச்சிட்டு என் பேர வெட்டித் தர்றியா?"

அரத்தைக் கீழே வைத்தான்.

"வேணாம்க்கா. செத்தவங்க பேரு. அந்தப் பொண்ணுக்கு அம்மான்னு மிச்சம் கீறது அந்தப் பேருதான். நான் வெட்றவன்க்கா. அழிக்கிறவன் இல்ல."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "நான் இத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், நீ வெசனப்படாத. பித்தளை கெடைக்கட்டும், உனக்கு ஒரு குடத்துக்கு நானே ஏற்பாடு பண்றேன்" என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தனுக்கு நம் மனசில் இருப்பது தெரிந்துவிட்டால், அவன் வாசல் வழியாகப் போகும்போது தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கிற மாதிரி இருக்கும். அதை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள். நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. மற்றவர்கள் மனசுதான் எனக்குத் தெரியும், என் மனசு யாருக்கும் தெரியாது என்று இருந்தவள் நான்.

அதற்கப்புறம் கிணற்றடியில் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால், நான்தான். பூந்தமல்லியில் ஒரு செட்டியார் வீட்டில் சுவரில் கன்னம் வைத்து நகையைக் கொண்டுபோனதாக அந்த வாரம் செய்தி. அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சும்மா ஒரு வார்த்தை போட்டேன்.

"உளிய வெச்சித்தான் செவுத்தப் பேத்தானாம். ஊட்ல உளி வெச்சிகினு கீறவங்கள நெனச்சாத்தான் பயமா கீது."

"யாரு ஊட்லக்கா?" என்றாள் தாயம்மா. அவள் தெருக்கோடி வீடு, எல்லாவற்றுக்கும் வாயைப் பிளப்பாள்.

"நானா சொல்லணும்? குதிருக்குப் பக்கத்துல பொட்டி கீது, போய்ப் பாரு. சுத்தி வெச்சிக்கோ, வேணாங்கல. குறடு வெச்சிக்கோ. உளி இன்னாத்துக்குடி ஒரு சம்சாரிக்கு?"

நாகம்மாள் கயிற்றை இழுத்துக்கொண்டே, "பேரு வெட்றதுக்குக்கா" என்றாள்.

"பேரு வெட்ட ஒண்ணு போதாது? அத்தினி தினுசு வெச்சிகினு கீறானே, எந்தச் செவுத்துக்கு எதுன்னு பாக்கவா?"

சிரித்தார்கள். சிரித்த அத்தனை பேர் இடுப்பிலும் அவன் வெட்டின பேர் இருந்தது. ஒருத்தியும் குனிந்து பார்க்கவில்லை. அப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பேச்சு தானாகவே நடந்தது. இரண்டு வாரத்தில் திரும்பி என்னிடமே வந்தபோது அதற்குக் கை கால் முளைத்திருந்தது. மணவாளன் பட்டறையிலிருந்து ராத்திரி லேட்டாக வருகிறானாம், எங்கே போகிறான் என்று தெரியாதாம், வடிவு காதில் புதுசாக ஏதோ மின்னுகிறதாம். அது ஈயக் கம்மல். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் வடிவு ஏரிக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். மணவாளன் பட்டறையில். என் புருஷன் திருமழிசைச் சந்தையில். பூங்காவனம் களையெடுக்கப் போயிருந்தாள். வடிவு வீட்டுக்குள் போய், பெட்டியைத் திறந்து, ஒல்லி உளி ஒன்றையும் சுத்தியையும் முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தேன். திருட்டு என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் நான் சொந்த வீடு மாதிரிப் போய் வருகிறவள்.

முதலில் முத்தம்மாளுடைய சொம்பு. பித்தளை நன்றாக இடம் கொடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன். வழவழப்பு வரவில்லை, தழும்பு மாதிரிதான் இருந்தது. ஆனால் பேர் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் விரலை வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இடறவில்லை. அப்படி ஒரு நிம்மதி எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து வந்ததில்லை.

அந்த தைரியத்தில் வெண்கலப் பானையை எடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். பித்தளை வளையும், வெண்கலம் வளையாது. இது மணவாளனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பாதிப் பேர் போயிருக்கும். ஒரு அடி கொஞ்சம் பலமாக விழுந்தது. பானை மணி மாதிரிக் கத்தியது. வாயிலிருந்து அடி வரைக்கும் கீறல். உளியின் ஒரு முனையும் தெறித்துவிட்டது.

பானையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். விரிசல் விட்ட பானையை எப்படிக் காட்டுவது? அது மட்டும் காணோம் என்றால் வீட்டு ஆளைத்தான் கேட்பார்கள். எல்லாமே காணோம் என்றால் வெளி ஆளைத் தேடுவார்கள். அதனால் குடம் இரண்டு, தவலை, பானை எல்லாவற்றையும் சாணிக் கூடையில் வைத்து, மேலே வைக்கோலைப் போட்டு, கொல்லையில் இருக்கிற எருக்குழிக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஆழத்தில் புதைத்தேன். பட்டப்பகல். நாகம்மாள்கூட எதிரே வந்தாள். "இன்னாக்கா, இந்த வெய்யில்ல சாணி அள்ற?" என்று கேட்டாள். சாணி அள்ளுகிறவளை அதற்கு மேல் யார் கவனிப்பார்கள்?

உளியைத் திருப்பி வைக்கப் போனபோது சொம்பு என் மடியில் இருந்தது. வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அவசரத்தில் அதையும் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவசரத்தில் நடந்தது அது.

சாயங்காலம் வரதன் வந்தார். சாமானைக் காணோம் என்றேன். அது பொய் இல்லை, என் கண்ணுக்கு அது காணவில்லைதான். அவர் போய்ப் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் வந்து தெருவில் விசாரித்தார். ஒவ்வொரு வீட்டிலும் அதே பதில். உளி யார் வீட்டில் இருக்கிறது என்று. நான் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்துத் திறந்தார்கள். வரதனும் பூங்காவனமும் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார்கள். சுத்தி, குறடு, அரம், முனை போன உளி. அடியில் சொம்பு. உளியைச் சொம்பின் தழும்பில் வைத்துப் பார்த்தார்கள். தெறித்த முனை தவிர அச்சாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்?

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வீட்டில் வைத்துக்கொள்கிற சாமானா இது?"

"இல்லீங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை என்று சொன்னேனே, அது இதுதான்.

மணவாளன் என்னைப் பார்த்தான். அவனுக்கு வாயில் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. "இந்த அம்மாதான் பேரை அழிக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள்" என்று சொன்னால் போதும், விசாரணை அங்கேயே திரும்பியிருக்கும். உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அவன் கண் பூங்காவனத்தின் மேல் போயிற்று. அந்தப் பெண் பேரில்லாத சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்ன பேச்சைக் காப்பாற்றிவிட்டான். காப்பாற்றியிருக்க வேண்டாம். நானா காப்பாற்றச் சொன்னேன்? அவன் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வடிவுதான் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கத்தினாள். "ஐயோ நைனா, அவுரு அப்படி ஆளு இல்ல நைனா. அக்கா, நீயாச்சும் சொல்லு. நீ தெனம் ஊட்டுக்குள்ள வந்து போறவ, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிஜமான அழுகை.

கோர்ட்டில் தண்டனை ஆயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் சிறையில் ரத்தபேதி வந்து போய்விட்டான். தலையாரி வந்து வாசலில் நின்று சொன்னான். அன்றைக்கு வடிவு அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாளும் வைத்தேன். தெருவில் யாரும் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. திருடன் பெண்டாட்டி இல்லையா.

பூங்காவனத்தின் கல்யாணம் பாத்திரமில்லாமலே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், ஒன்றும் கேட்கவில்லை. பேரில்லாத அந்தச் சொம்பைக் கோர்ட்டில் திருப்பிக் கொடுத்தார்கள், அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். நான் மண்சட்டியில்தான் சமைக்கிறேன். கிணற்றடிக்கு மண்குடத்தோடுதான் போகிறேன். எதற்குப் பயந்தேனோ அதுதான் நடந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "பாவம், திருட்டுக் குடுத்தவ" என்று பரிதாபப்படுகிறார்கள். அந்தப் பரிதாபம் தொண்டையில் இறங்குவதில்லை ஐயா.

வடிவுக்குப் பிழைப்பு வேண்டுமே. முனை போன உளியை மட்டும் கோர்ட்டில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தடித்த உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு அம்மி கொத்தக் கிளம்பினாள். இந்தத் தெருவில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அம்பத்தூர் வரைக்கும் நடப்பாள். போன மாசம் என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, உன் அம்மி வழுவழுன்னு ஆயிடுச்சி. கொத்தித் தரேன்."

"கூலிக்குக் கையில ஒண்ணும் இல்லடி."

"உங்கிட்டக் கூலியா? ஊரே என்னப் பாத்துத் துப்புனப்போ நீ ஒருத்திதான் கஞ்சி குடுத்த. அவுரு இருந்தா உன்ன மறக்க மாட்டாரு."

அம்மிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தட்ட ஆரம்பித்தாள். டொக், டொக், டொக். புள்ளி புள்ளியாக விழுந்தது. அவன் பேர் வெட்டுகிற மாதிரியே. நான் அடுப்படியில் நின்றுகொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். கொத்தின அம்மியில் முதலில் ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்ட வேண்டும், கல்பொடி போவதற்கு. நான் கொட்டவில்லை. துவையலோடு சேர்த்து அந்தக் கல்பொடியைத் தின்றேன். பல்லில் நறநறவென்று இருந்தது. பொடி தீர்கிற வரைக்கும் தின்றேன். வரதன் துப்பிவிட்டு எழுந்து போனார். நான் துப்பவில்லை.

கூலி வாங்கவில்லையே என்று மனசு கேட்கவில்லை. அவள் கொல்லையில் கீரை போட்டிருந்தாள். "எருக்குழில எரு எடுத்துக்கடி, வேப்ப மரத்துப் பக்கமா எடு" என்றேன். வேப்ப மரத்துப் பக்கம் என்று நான் தெளிவாகச் சொன்னேன். நேற்று அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் நின்றதாம். அவள் இந்தப் பக்கம் வந்து மண்வெட்டியைப் போட்டாள். ணங் என்று ஒரு சத்தம். கிணற்றடி வரைக்கும் கேட்டது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். நானும் ஓடினேன். வடிவு குழிக்குள் நின்றுகொண்டு விரிசல் விட்ட பானையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சாணி வழிந்துகொண்டிருந்தது. பாதி முத்தம்மாள் தெரிந்தது.

"பாத்தீங்களாடி" என்றாள் நாகம்மாள். "புருசன் பொதச்சி வெச்சத பொஞ்சாதி எடுக்க வந்துட்டா. நாம இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சி ஏமாந்துகினு கீறோம்."

எருக்குழி இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் பொதுவாகத்தான் கிடக்கிறது, வேலி கிடையாது. அதனால் அப்படி நினைக்க இடம் இருந்தது. வடிவு யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நீதானே எடுத்துக்கச் சொன்ன? சொல்லுக்கா இவுங்ககிட்ட."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "எருவத்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

அதுவும் பொய் இல்லை.

அவள் பானையை மெதுவாகக் கீழே வைத்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். புருஷன் பார்த்த அதே பார்வை. ராத்திரி முழுக்க இந்தக் கூடத்தில் அவனும் அவளும் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. காலையில் நீங்கள் பெட்டியோடு வந்தீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். வீட்டில் உளி இருக்கலாம் ஐயா. பஞ்ச்சும் இருக்கலாம். பக்கத்து வீட்டில் இருந்தது, அதனால் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை, நான் அதைத் தொடுகிற வரைக்கும். வடிவை விட்டுவிடுங்கள். இந்தப் பெட்டியை அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவளுக்குப் பிழைப்பு இதில்தான் இருக்கிறது. அவள் புருஷன் திருடவில்லை என்று சாவடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.

எழுதிக்கொண்டீர்களா? ஒரு இடத்தை அடித்துவிட்டுத் திருத்த வேண்டும். சொம்பை அவசரத்தில் போட்டேன் என்று சொன்னேன். பொய் சொல்கிற வாய் இல்லை என்றும் சொன்னேன். இந்த ஒன்று பொய். காலடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வடிவு ஏரியிலிருந்து வர நேரம் நிறைய இருந்தது. பெட்டியில் இருந்த சாமானை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். சொம்பை என் பழைய கத்தரிப்பூப் புடவையில் கிழித்த துணியில் சுற்றினேன். அடியில் வைத்தேன். மேலே உளியை அடுக்கினேன். முனை போன உளியைக் கண்ணில் படுகிற மாதிரி மேலாக வைத்தேன்.

அந்தப் புடவை கிணற்றடியில் எல்லோரும் பார்த்தது. அன்றைக்கு இங்கே துணியைப் பிரித்தபோது ஒருத்திக்கும் தெரியவில்லை. என் புருஷனுக்கு நான் கட்டியிருக்கிற புடவையே தெரியாது. மணவாளனுக்கு மட்டும் தெரிந்தது. துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நானாகச் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். அவன் சாவுக்கு ரத்தபேதி என்று எழுதியிருப்பார்கள். நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். தாட்சாயிணி. பேரை எழுத்துக்கூட்ட வராவிட்டால் சொம்பைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

வரதன் குத்தம்பாக்கத்துக்குப் பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் கிளம்பிவிடலாம். மோர்ச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிறேன். ஒரே ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். போகிற வழியில் கிணற்றடியில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள், இந்த விஷயத்தை நானே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாகம்மாள் வாயில் விட்டால் நடந்ததோடு நடக்காததையும் சேர்த்துச் சொல்வாள். ஒரு பொம்பிளையைப் பற்றி அப்படியெல்லாம் பேசுவது பாவம் இல்லையா ஐயா.